அப்பாவுக்கு நாய்க்கடி: இழப்பீடு எங்கே கேட்பது? சீரமும் தடுப்பூசியும் ஏன் ஒரே ஊசியாக வருவதில்லை?

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவை நாய் கடித்து இன்றோடு ஒன்பது நாள். பட்டறையில் நைட் ஷிப்ட் முடிந்து விடியக்காலை ஐந்து மணிக்கு சைக்கிளில் வந்திருக்கிறார், கறிக்கடைச் சந்தில் மூன்று நாய்கள் துரத்த, அதில் ஒன்று இடது கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சைக்கிளோடு கீழே விழுந்த பிறகும் விடவில்லை, பால்காரர் ஓடிவந்து கேனால் அடித்த பிறகுதான் விட்டது. நான்கு பல் தடம், ஓரிடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதை பிய்ந்து தொங்கியது. ரத்தம் நிற்கட்டும் என்று பக்கத்து வீட்டு அத்தை காப்பித்தூளை அள்ளி அப்பிவிட்டார், ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதைக் கழுவி எடுக்கும்போது அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தடுப்பூசி உடனே போட்டார்கள், இரண்டு கையிலும். அப்புறம் டாக்டர் சொன்னார், காயம் ஆழமாக இருக்கிறது, சீரமும், அதாவது வைரஸை உடனே தடுக்கும் மருந்தும், போட்டாக வேண்டும், ஆனால் இங்கே ஸ்டாக் இல்லை என்று. அடுத்த ஊரிலும் இல்லை. இரண்டு நாள் அலைந்து கடைசியில் தனியாரிடம்தான் கிடைத்தது. சீரம், டிரெஸ்ஸிங், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ₹11,000 ஆகிவிட்டது. தறிக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது, ஒன்பது நாளாக வருமானம் இல்லை.

எனக்கு இரண்டு கேள்வி. பஞ்சாபில் ஒரு பல் தடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று இழப்பீடு தருகிறார்களாமே, நமக்கு அப்படி உண்டா? இரண்டாவது, தடுப்பூசி கைவசம் இருந்தது, சீரம் இல்லை. இரண்டையும் ஒரே குப்பியில் சேர்த்துச் செய்தால் இந்த அலைச்சலே இல்லையே, ஏன் யாரும் செய்யவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட்டுவாசல்:

தம்பி, முதலில் ஒன்று. 28-ஆம் நாள் ஊசியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். காயம் ஆறியது போலத் தெரியும், அப்பா "இனி எதுக்கு" என்பார், அப்போதுதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கொடுத்த தீர்ப்பு. 193 மனுக்களைச் சேர்த்து விசாரித்தார்கள். ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது ₹10,000, சதை பிய்ந்திருந்தால் காயத்தின் ஒவ்வொரு 0.2 செ.மீ.க்கும் குறைந்தது ₹20,000. மாவட்டத்துக்கு ஒரு குழு, விண்ணப்பம் வந்து நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பணத்தை முதலில் அரசு கொடுத்துவிட வேண்டும், பிறகு கடமை தவறிய அமைப்பிடமோ நாயை வளர்ப்பவரிடமோ அரசே வசூலித்துக்கொள்ளலாம். பல் கணக்குதான் பேப்பரில் பெரிதாக வந்தது, என்னைக் கேட்டால் அதைவிடப் பெரியது இந்தக் கடைசி ஏற்பாடு. கடிபட்ட மனுஷன் இது யார் நாய், நகராட்சியா பஞ்சாயத்தா என்று காலை இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு பஞ்சாப், ஹரியானா, சண்டிகருக்குத்தான். இங்கே அதை எடுத்துக்காட்டி வாதாடலாம், நம் உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. கேரளாவில் வேறு வழியில் போனார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் ஒரு குழு போட்டது. கடிபட்டவர்கள் அதில் விண்ணப்பித்தால் குழு தொகையைப் பரிந்துரைத்தது, உள்ளாட்சி கொடுக்க வேண்டியிருந்தது. கர்நாடகாவில் நாய் தாக்கி இறந்தால் ₹5 லட்சம் என்று அரசே தொகை வைத்திருக்கிறது.

நமக்கு இருக்கும் வழி, உள்ளாட்சிக்கு எழுத்து மூலம் மனு, பிறகு நோட்டீஸ், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் அல்லது சிவில் வழக்கு. செலவுக்குப் பயப்படாதீர்கள். ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, வருமான வரம்புக்குள் இருந்தால் வக்கீல் இலவசம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வருமானமே பார்க்க மாட்டார்கள்.

காயத்தைப் போட்டோ எடுத்தீர்களா? பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

தறிச்சத்தம்:

போட்டோ இருக்கிறது அண்ணா, ஸ்கேல் வைக்கவில்லை. தங்கச்சி முதல் நாள் எடுத்ததில் நர்ஸின் கைவிரல் காயத்துக்குப் பக்கத்தில் தெரிகிறது, அளவு புரியும். ஓ.பி. சீட்டில் "நாய்க்கடி" என்று மட்டும் இருக்கிறது.

கோர்ட்டுவாசல்:

அதைச் சரி செய்யுங்கள். எத்தனைப் பல் தடம், எந்த இடம், சதை பிய்ந்ததா, எந்த வகைக் கடி, இவை இருக்க வேண்டும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) விஷயத்தில் மூன்று வகை சொல்வார்கள். காயமில்லாத தோலில் நக்கினால் ஒன்று, ரத்தம் வராத கீறல் இரண்டு, தோலைத் துளைத்து ரத்தம் வந்தால் மூன்று. உங்கள் அப்பாவுடையது மூன்றாம் வகை. "மூன்றாம் வகை, சீரம் தேவை, கையிருப்பு இல்லை" என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தால், நீங்கள் வெளியில் கொடுத்த பணத்துக்கு அதுவே காரணம் சொல்லிவிடும். மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் எழுதித் தருவார்கள், அவர்களுக்கும் ஸ்டாக் இல்லாதது கஷ்டம்தான்.

இன்னொன்று, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். உங்கள் வார்டில் கடந்த மூன்று வருடத்தில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை, எத்தனைக்குத் தடுப்பூசி, எந்தத் தேதியில், யாரிடம் ஒப்பந்தம், அந்தச் சந்து பற்றி முன்பே எத்தனைப் புகார் வந்தது, இவ்வளவும் கேளுங்கள். 2023-இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சியின் வேலை. செய்யவில்லை என்று அவர்களே எழுதித் தந்துவிட்டால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது.

குப்பிக்காரன்:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஊசி மருந்து தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன்.

தடுப்பூசியும் சீரமும் ஒரே குப்பியில் வரவே முடியாது. தடுப்பூசியில் இருப்பது செயலிழக்க வைத்த ரேபிஸ் வைரஸ். உடம்பு அதைப் பார்த்துத் தானே எதிர்ப்புப் பொருள் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சீரத்தில் இருப்பது ஏற்கனவே தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருள். அந்தப் பத்து நாள் இடைவெளியில் காயத்திலேயே வைரஸைப் பிடித்துக் கட்டிப்போடுவது அதன் வேலை. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் சீரம் போய் தடுப்பூசி வைரஸையே கட்டிப்போட்டுவிடும், இரண்டும் வீண். அதனால்தான் ஒரே சிரிஞ்ச் கூடாது, ஒரே இடத்திலும் கூடாது. தடுப்பூசி கையில், சீரம் காயத்தைச் சுற்றி.

சீரம் அளவு கூடினாலும் இதே சிக்கல், தடுப்பூசிக்கு உடம்பு கொடுக்கும் பதில் மங்கிவிடும். ஆகவே எடைக் கணக்குதான். குதிரையிலிருந்து எடுத்தது கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து எடுத்தது கிலோவுக்கு 20. அப்பா 60 கிலோ என்றால் குதிரை சீரம் 2,400 யூனிட். இது உச்சவரம்பு, அவ்வளவும் ஏற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது, காயத்துக்குள்ளும் சுற்றியும் எவ்வளவு போகுமோ அவ்வளவு போட்டால் போதும், மீதியைத் தொடையில் ஏற்ற வேண்டியதில்லை என்று. சின்னக் காயம் உள்ள இரண்டு மூன்று பேருக்கு ஒரு குப்பியைப் பகிரலாம். ஸ்டாக் இல்லாத ஊருக்கு இது பெரிய விஷயம்.

நீங்கள் இரண்டு நாள் தாமதம் என்று பயப்பட வேண்டாம். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் சீரம் போடலாம். அதற்குப் பிறகு தேவைப்படாது, உடம்பே செய்ய ஆரம்பித்திருக்கும்.

ஆனால் நீங்கள் கேட்ட "கூட்டு மருந்து" வேறு விதத்தில் வந்துவிட்டது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், ஷிப்ட் முடிந்து வருகிறேன்.

பட்டிக்காரர்:

காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஆடுதான் சோறு. நாய்கள் கூட்டமாக வந்து ஒரே ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து பத்து, பதினைந்து என்று கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போய்விடும், தின்னக்கூடச் செய்யாது. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு எத்தனை நாள் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகுதான் ஆட்டுக்கு இழப்பீடு என்று அரசு கொடுத்தது. அதற்கும் கால்நடை டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை செய்து எழுதித் தர வேண்டும், புதைத்துவிட்டுப் போனால் ஒன்றும் கிடையாது. நம் தம்பியின் அப்பா மாதிரிக் காலில் கடிபட்ட கூலிக்காரருக்கு ஒரு நிலையான தொகை, ஒரு நிலையான விண்ணப்பம் வேண்டும். ஆட்டுக்குப் போராடி வாங்க முடிந்தது என்றால் ஆளுக்கும் வாங்க முடியும்.

மாட்டுடாக்டர் மகள்:

அண்ணா சொல்வது சரி. கூட்டு மருந்து பற்றி நாய் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். வீட்டு நாய்க்குப் போடும் "செவன் இன் ஒன்" ஊசியைப் பார்த்திருப்பீர்கள். டிஸ்டெம்பர், பார்வோ போன்ற வைரஸ் நோய்களுக்கான மருந்து உலர்ந்த தூளாக ஒரு குப்பியில் இருக்கும், லெப்டோவுக்கானது (எலிக்காய்ச்சல்) திரவமாக இன்னொரு குப்பியில். போடும் நேரத்தில்தான் திரவத்தை இழுத்துத் தூளில் விட்டுக் கலக்குவோம். தொழிற்சாலையிலேயே ஒன்றாகக் கலந்து வைத்தால் உயிருள்ள வைரஸ் நாளாக ஆக வீரியம் இழந்துவிடும். சேர்த்துப் போடலாம், சேர்த்துச் சேமிக்க முடியாது. இந்த வித்தியாசம் வெளியில் யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொன்று, கடித்த பிறகு செய்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டே இருந்தால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் செய்து காட்டினார்கள். கையில் வலையோடு தெருத்தெருவாகப் போய் நாய்களுக்குப் போட்டார்கள். 2018-லிருந்து மூன்று வருடம் அங்கே மனித ரேபிஸ் சாவு இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள், 2021-ல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவித்தார்கள்.

தெருமுனை:

அக்கா, 70 சதவீதம் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் வராது, கடி வராமல் இருக்குமா? தம்பியின் அப்பாவுக்குச் சதை பிய்ந்தது தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும் பிய்ந்ததுதானே. விடியக்காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் பால் ஊற்றுகிறவர்களும் டியூஷன் போகும் பிள்ளைகளும் தினமும் அந்தச் சந்தைத் தாண்ட வேண்டும். உச்ச நீதிமன்றமே 2025 நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களைப் பிடித்துக் கொண்டுபோய் காப்பகத்தில் வையுங்கள், திரும்பக் கொண்டுவந்து விடாதீர்கள் என்று சொல்லிவிட்டது.

மாட்டுடாக்டர் மகள்:

கடியும் வேதனைதான், மறுக்கவே இல்லை. மாட்டு டாக்டரான என் அப்பாகூட எத்தனையோ முறை கடிபட்டிருக்கிறார். நான் சொல்வது, கடிக்கு இழப்பீடு, சாவுக்குத் தடுப்பு, இரண்டும் வேண்டும். கறிக்கடைக் கழிவை சந்தில் கொட்டும் வரைக்கும் நாயைப் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள், அடுத்த மாதம் வேறு கூட்டம் வரும். தம்பி, தகவல் உரிமை மனுவில் கழிவு அகற்றும் ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

குப்பிக்காரன்:

வந்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து.

குதிரை சீரமோ மனித சீரமோ எப்போதும் தட்டுப்பாடுதான். குதிரைக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, சுத்தம் செய்து கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். மனித சீரத்துக்கு தடுப்பூசி போட்டுக்கொண்ட கொடையாளர்களின் பிளாஸ்மா வேண்டும், விலை எங்கோ போய்விடும். ஆகவே ஆய்வகத்தில் செல்களை வளர்த்து ஒரே வகை எதிர்ப்புப் பொருளை வேண்டிய அளவு செய்யலாம் என்று யோசித்தார்கள், அதுதான் மோனோக்ளோனல் ஆன்டிபாடி. இந்தியாவில் முதலில் வந்தது ராபிஷீல்டு, சீரம் இன்ஸ்டிட்யூட்டும் அமெரிக்காவின் மாஸ்பயாலஜிக்ஸும் சேர்ந்து செய்தது, 2016-ல் அனுமதி. அதில் இருப்பது ஒரே ஒரு ஆன்டிபாடி. சைடஸ் நிறுவனத்தின் ட்வின்ராப் 2019-ல் வந்தது, அதில் இரண்டு, டோகாரவிமாப், மிரோமாவிமாப்.

ஏன் இரண்டு? குதிரை சீரத்தில் ஆயிரக்கணக்கான வகை எதிர்ப்புப் பொருள் இருக்கும், வைரஸின் மேல் எங்கெங்கேயோ போய் ஒட்டும். மோனோக்ளோனல் ஒரே இடத்தில்தான் ஒட்டும். அந்த இடம் கொஞ்சம் மாறிப்போன வைரஸ் வந்தால் மருந்து வெறும் தண்ணீர். கோவிட் நேரத்தில் கண்ணால் பார்த்தோம். அமெரிக்காவில் பாம்லனிவிமாப் என்று தனியாகக் கொடுத்த ஆன்டிபாடியை வைரஸ் மாறியதால் 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள், இன்னொன்றோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ரேபிஸில் வைரஸ் இப்படித் தப்பிப்போனால் சாவுதான், நோய் வெளியில் தெரிந்த பிறகு காப்பாற்ற முடியாது. அதனால் ஒன்றுக்கொன்று மேல் விழாத இரண்டு இடத்தைப் பிடிக்கும் ஜோடியாக இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம். ஒரு ஆன்டிபாடிக்கு ஏற்ற உப்பும் புளிப்பும் இன்னொன்றுக்கு ஒத்துவராது. தனித்தனியாக ஒரு வருடம் தெளிவாக இருந்த இரண்டு கரைசலைச் சேர்த்து வைத்தால் மூன்றாவது மாதம் நூல் நூலாகத் திரிந்து நிற்கும். கறுப்புப் பலகைக்கு முன்னால் விளக்கு வைத்து ஒவ்வொரு குப்பியாகச் சுழற்றிப் பார்க்கும் வேலை என்னுடையது. குப்பியைச் சாய்த்தால் தூசி மாதிரி ஒன்று மெதுவாக இறங்கும், அது தூசியா புரதமா என்று தெரியாமல் ஒரு தொகுதி முழுக்க நிறுத்தி வைப்போம். அப்புறம் வீரியப் பரிசோதனை. கலவை மொத்தமாக வைரஸைக் கொல்கிறதா என்று பார்த்தால் போதாது. அதில் ஒன்று செத்துப்போய் மற்றதே வேலை செய்தாலும் மொத்தக் கணக்கு சரியாகத்தான் வரும். ஆக ஒவ்வொன்றையும் தனியாக அளக்கும் பரிசோதனை வேண்டும். இரண்டு செல் வரிசை, இரண்டு சுத்திகரிப்பு, இரண்டு கோப்பு, கடைசியில் கலவைக்கு மூன்றாவது கோப்பு. ஒன்றில் கோளாறு வந்தால் இரண்டுமே நிற்கும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் மனிதர்களிடம் நிரூபிப்பது. கடிபட்டவருக்கு வெறும் உப்புத்தண்ணீர் போட்டுப் பார்க்க முடியுமா, அது கொலை. ஆகவே ஒரு கூட்டத்துக்கு மனித சீரம், இன்னொரு கூட்டத்துக்குப் புது மருந்து, இரண்டுக்கும் தடுப்பூசி, பிறகு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று ஒப்பிடுவார்கள். மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட் என்பது வழக்கமான அளவுகோல். நெதர்லாந்தின் குருசெல் நிறுவனம் இதே மாதிரி இரண்டு ஆன்டிபாடி சேர்த்து மனிதப் பரிசோதனை வரைக்கும் வந்தது, கடைக்கு வரவே இல்லை.

கூட்டு மருந்து என்றாலே அதிகாரிகள் கறாராக இருப்பதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் காரணமே இல்லாமல் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து மாத்திரையாக விற்று, 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு ஒரே நாளில் தடை செய்தது நினைவிருக்கும். வழக்கு, மறு ஆய்வு எல்லாம் முடிந்து 2018-ல் 328-ஐ மறுபடி தடை செய்தார்கள். ஒவ்வொரு பொருளும் எதற்காக அங்கே இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். அந்தக் கறார் எனக்குச் சரியாகவே படுகிறது, இது உயிர் விஷயம்.

தறிச்சத்தம்:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. அப்பாவுக்குப் போட்டது எது என்று பில்லை எடுத்துப் பார்த்தேன், மனித சீரம். காயத்தைச் சுற்றி ஊசி ஊசியாகக் குத்தும்போது அப்பா "தறி நாடா குத்தினா மாதிரிதான் இருக்கு" என்றார், அழவில்லை, நான்தான் வெளியே வந்துவிட்டேன்.

கோர்ட்டுவாசல்:

அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதா? இருந்தால், வேலைக்குப் போகிற வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் வேலையில் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஷிப்ட் முடிந்த நேரம், வீட்டுக்கு வரும் வழக்கமான பாதை, இரண்டும் பொருந்த வேண்டும். பட்டறையின் வருகைப் பதிவேட்டு நகல் வாங்குங்கள். இ.எஸ்.ஐ. இல்லை என்றாலும் அந்த நகல் கூலி இழப்புக்குச் சாட்சி.

அந்த நாய் யாராவது வளர்ப்பதாக இருந்தால் கணக்கே வேறு. பாரதிய நியாய சன்ஹிதா 291, தான் வைத்திருக்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ₹5,000 வரை அபராதம். அது அபராதம்தான், அப்பாவுக்கு வரும் பணமில்லை, இழப்பீட்டுக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

தறிச்சத்தம்:

இ.எஸ்.ஐ. இல்லை அண்ணா, எட்டு தறிப் பட்டறை. முதலாளி நோட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார், நல்ல மனுஷன். நாய் யாருடையதும் இல்லை.

தறிச்சத்தம்:

இருபது நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று 28-ஆம் நாள் ஊசி போட்டாயிற்று. டாக்டர் சீட்டில் மூன்றாம் வகை, நான்கு பல் தடம், இடது கெண்டைக்கால், சதை இழப்பு, சீரம் கையிருப்பில் இல்லாததால் வெளியில் வாங்க எழுதப்பட்டது என்று முழுசாக எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். கேட்டவுடன் கொடுத்தார், நான் சும்மா பயந்துகொண்டிருந்தேன்.

தகவல் உரிமை மனு அனுப்பியாயிற்று, கழிவு ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வக்கீல் அம்மாவை ஒதுக்கியிருக்கிறார்கள். நோட்டீஸில் பல் தடம், சதை, சீரம், கூலி என்று தனித்தனித் தலைப்பாகப் போட்டிருக்கிறார், பஞ்சாப் தீர்ப்பின் நகலையும் இணைத்திருக்கிறார். அடுத்த திங்கள் அனுப்புகிறார்கள். பட்டிக்காரர் அண்ணா சொன்ன நிலையான விண்ணப்பம் பற்றிக் கேட்டேன், வார்டில் கடிபட்ட மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். கறிக்கடைச் சந்தில் மட்டும் இந்த வருடம் ஆறு பேர், இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சீட்டுகளை வாங்கப் போகிறேன்.

அப்பா நேற்று ராத்திரியிலிருந்து மறுபடி தறிக்குப் போகிறார். இன்று விடியக்காலை நான் போய் கூட்டிக்கொண்டு வந்தேன், சந்தைச் சுற்றிக்கொண்டு பெரிய ரோடு வழியாக.

மாட்டுடாக்டர் மகள்:

தம்பி, அந்த இரண்டு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பாருங்கள். எல்லா ஊசியும் முடிந்ததா, சீரம் போட்டார்களா என்று. விட்டுப்போயிருந்தால் இங்கே எழுதுங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்விடுங்கள். எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, கடித்தது பழைய கதை என்று விட வேண்டாம்.